அப்பாயிக்கு யார் கால் பிடித்து விடுவது?

செமஸ்டர் பரீட்சைக்கு இன்னும் பத்து நாள் என்று நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியதும் எங்கள் வகுப்பில் எல்லார் வாயிலும் ஒரே சொல்தான்: ஸ்ட்ரெஸ். அரியர் வைத்தவனுக்கும் ஸ்ட்ரெஸ், முதல் மார்க் வாங்குகிறவளுக்கும் ஸ்ட்ரெஸ். சிலபஸ் முடியவில்லையே என்று பாடம் நடத்துகிறவருக்கும் ஸ்ட்ரெஸ். போதாக்குறைக்கு செல்போனைத் திறந்தால் விளம்பரம் வேறு: 'ஒரு மணி நேர மசாஜ், மன அழுத்தம் போயே போச்சு!' கும்பகோணத்தைச் சுற்றி, கோயில் பார்க்க வருகிறவர்களுக்காக இருக்கும் ரிசார்ட்டுகள் சிலவற்றில் ஆயுர்வேத மசாஜும் உண்டு. அங்கே போய் ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால், பில்லைப் பார்த்ததும் போன ஸ்ட்ரெஸ் திரும்பி வந்துவிடும் என்பது என் கணிப்பு :-)

கிண்டல் இருக்கட்டும். உடம்பைப் பிடித்து விட்டால் மனசு லேசாகும் என்பது உண்மையா? உண்மை என்றால் எதனால்? அதற்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? கொஞ்சம் படித்துப் பார்த்தேன், கொஞ்சம் வீட்டில் விசாரித்தேன். படித்ததைவிட விசாரித்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

'விடு' என்று ஒரு சொல்

மசாஜ் என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் போலத் தோன்றுகிறது. ஆனால் நம் வீடுகளில் இதற்கு எத்தனை சொல் புழங்குகிறது என்று பாருங்கள். கால் வலித்தால் பிடித்து விடுவார்கள். தலை வலித்தால் அமுக்கி விடுவார்கள். குழந்தைக்கு வயிறு வலித்தால் நீவி விடுவார்கள். சுளுக்கு என்றால் உருவி விடுவார்கள். எண்ணெய் என்றால் தேய்த்து விடுவார்கள். வயலில் இருந்து வந்த அப்பா குப்புறப் படுத்துக்கொண்டு, 'மேலே ஏறி மிதிடா' என்று பிள்ளையைக் கூப்பிடுவதும் இதே கணக்குதான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்த யாரைக் கேட்டாலும், அப்பா முதுகில் நடந்த கதை ஒன்று வைத்திருப்பார்கள்.

இந்தச் சொற்களில் ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லாம் 'விடு' என்று முடிகிறது. நாமே செய்துகொண்டால் தேய்த்துக்கொள்கிறோம், வாரிக்கொள்கிறோம். இன்னொருவர் நமக்குச் செய்தால் தேய்த்து விடுகிறார், வாரி விடுகிறார், ஊட்டி விடுகிறார். ஒருவர் இன்னொருவருக்காகச் செய்வது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். புறமருந்துகள் 32 என்று சொல்வார்களே, அதில் இதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று 9 வகை. சென்னை தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இன்றும் தொக்கணத்தைச் சிகிச்சையாகவே செய்கிறார்கள்.

ஷாம்பு கதை

இங்கே ஒரு சுவாரசியமான தகவல். நாம் தலைக்குப் போடுகிற ஷாம்பு இருக்கிறதே, அந்தச் சொல்லுக்கு முதலில் நுரைக்கும் சோப்புக்கும் சம்பந்தமே கிடையாது. இந்தியில் அமுக்கு, பிசை என்று பொருள்படும் 'சாம்ப்போ' என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் ஷாம்பு ஆனது. அதாவது ஷாம்பு என்றால் மசாஜ்!

அதை இங்கிலாந்தில் பிரபலமாக்கியவர் பாட்னாவில் 1759ல் பிறந்த ஷேக் தீன் முகமது. 1810ல் லண்டனில் ஓர் இந்திய உணவகம் தொடங்கினார், அது நொடித்துப்போனது. பிறகு கடற்கரை ஊரான பிரைட்டனுக்குப் போய் 1814ல் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்து விடுதலும் சேர்ந்த ஒரு குளியலகத்தைத் தொடங்கினார். கூட்டம் வந்தது. 1822ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரண்டு மன்னர்களுக்கு 'ஷாம்பு வைத்தியர்' என்ற பட்டத்தோடு வேலை பார்த்தார். நம் ஊர் வீட்டுத் திண்ணையில் சும்மா கிடைத்த வைத்தியத்துக்கு அங்கே ராஜாவே வரிசையில் நின்றிருக்கிறார்.

சரி, அறிவியல் என்ன சொல்கிறது?

மசாஜ் செய்தால் உடம்பில் உள்ள நச்செல்லாம் வெளியேறும் என்று விளம்பரங்களில் போடுவார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. கழிவை வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும் செய்கிற வேலை. முதுகைத் தேய்ப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்தது கார்டிசால். இது மன அழுத்தம் வரும்போது உடம்பில் கூடுகிற ஹார்மோன். மயாமி பல்கலைக்கழகத்தில் 1992ல் தொடு உணர்வு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கிய டிஃபனி ஃபீல்டும் அவர் குழுவினரும், மசாஜ் செய்தால் கார்டிசால் சராசரியாக 31 சதவீதம் குறைகிறது என்று 2005ல் எழுதினார்கள். இந்த எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் கிறிஸ்டோபர் மோயர் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு, அதுவரை வந்த ஆய்வுகளை 2011ல் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார். கார்டிசால் குறைவது மிகச் சொற்பம், பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு என்று முடிவு வந்தது.

அப்படியானால் எல்லாம் டுபாக்கூரா? இல்லை. அதே மோயர் குழு 2004ல் 37 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்திருந்தது. ஒரே ஒரு முறை மசாஜ் செய்துகொண்டாலும் அப்போதைய பதற்றம் குறைகிறது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்குகின்றன. பல முறை தொடர்ந்து செய்துகொண்டவர்களிடம் எப்போதும் கூடவே இருக்கிற பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. அந்தக் குறைவு, மனநல ஆலோசனை பெற்றவர்களிடம் காணப்படுகிற அளவுக்கு ஏறக்குறைய சமமாக இருந்தது. பலன் உண்மை, விளம்பரத்தில் சொல்கிற காரணம்தான் ஆட்டம் காண்கிறது.

காரணத்துக்கு நம் தோலில் ஒரு தடயம் இருக்கிறது. முடி முளைக்கிற தோலில், உதாரணமாக முன்கையில், சி-டாக்டைல் என்ற ஒருவகை மெல்லிய நரம்பு இழைகள் உள்ளன. முள் குத்தினால் சுரீர் என்று செய்தி கொண்டுபோகிற வேக நரம்புகள் வேறு. இவை மாட்டுவண்டி வேகத்தில் போகிறவை. ஒரு நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக வருடினால்தான் இவை நன்றாக வேலை செய்கின்றன. அம்மா குழந்தையைத் தடவிக் கொடுக்கிற வேகம் ஏறக்குறைய அதுதான். அதாவது ஒருவர் அன்பாக நம்மைத் தொடுவதைத் தெரிந்துகொள்ள உடம்பிலேயே ஒரு தனிக் கம்பி இழுத்து வைத்திருக்கிறது!

கொடுக்கிறவருக்கும் கிடைக்கிறது

எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் பாட்டி கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டித் தூங்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளித்த பிள்ளை மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனையில் முறையாக உடம்பு நீவி விட்டபோது, மற்ற குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் அதிகமாக எடை கூடியது என்று மேலே சொன்ன ஃபீல்டின் குழு 1986ல் கண்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்களே 1998ல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள் சிலரைக் குழந்தைகளுக்கு உடம்பு பிடித்து விடச் சொன்னார்கள். அதே முதியவர்களுக்கு வேறு சில வாரங்களில் மசாஜ் செய்தும் விட்டார்கள். தாங்கள் மசாஜ் செய்துகொண்ட வாரங்களைவிட, குழந்தைகளுக்குச் செய்து விட்ட வாரங்களில்தான் அவர்களின் பதற்றமும் சோர்வும் அதிகமாகக் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், இதை வைத்துப் பெரிய முடிவு கட்டக்கூடாது. ஆனாலும் நம் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

தொடுகிற கையும் தீட்டும்

ஆனால் கொடுக்கிறவருக்கு அதிலேயே எல்லாம் கிடைத்துவிடுகிறது என்று முடித்துக்கொள்வதும் சரியில்லை. ஆண்களுக்கு வயது வந்த பிறகு யாராவது தலையைத் தொட்டு அமுக்கி விடுகிறார்கள் என்றால் அது சலூனில்தான். முடி வெட்டி முடித்ததும் குளிர்ச்சியான தைலத்தைத் தலையில் ஊற்றி, தபதபவென்று தட்டி, பத்து நிமிடம் பிடித்து விடுவார்கள். வீட்டுப் பிரச்சனை, கடன் பிரச்சனை எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொட்டித் தீர்க்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கைக்கு நாம் கொடுத்த மரியாதை என்ன? தமிழ்நாட்டில் முடி திருத்தும் சமூகத்தாருக்கு மருத்துவர் என்றே பெயர் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பிரசவம் பார்த்து எடுத்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பு பிடித்து விட்டவர்கள். ஆனால் முடி வெட்டிக்கொண்டு வந்தவன் வாசல் வழியாக வீட்டுக்குள் நுழையக்கூடாது, கொல்லைப்பக்கம் போய்த் தலை முழுகிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும் என்பது இந்த டெல்டாவில் ரொம்ப காலம் இருந்த சட்டம். சில வீடுகளில் இன்றும் தொடர்கிறது. சுகம் கொடுத்த கை தீட்டு!

நான் வழக்கமாகப் போகிற சலூன் அண்ணனிடம் ஒரு நாள் கேட்டேன்.

"அண்ணே, ஒங்களுக்குக் கை வலிக்காதா?"

"வலிக்காம? காலைலேர்ந்து நிக்கிறேன். ராத்திரி தோள்பட்டையத் தூக்க முடியாது தம்பி."

"அப்ப ஒங்களுக்கு யாரு புடிச்சு விடுவா?"

சிரித்தார். "நல்லாக் கேட்ட போ. தைலத்தத் தடவிக்கிட்டுப் படுத்துடுவேன்."

தடவிக்கொள்கிறார். யாரும் தடவி விடுவதில்லை.

அப்பாயி

அந்தக் கேள்வியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். எங்கள் அப்பாயி நாற்பது வருடத்துக்கு மேல் நடவு வேலைக்குப் போனவர். நடவு பார்த்திருக்கிறீர்களா? சேற்றில் இறங்கி, நாள் முழுக்கக் குனிந்தபடியே, பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நாற்றை ஊன்ற வேண்டும். சாயங்காலம் கரையேறி வந்து சோறாக்கி, அதற்கப்புறம் தாத்தாவுக்குக் கால் பிடித்து விட்டிருக்கிறார். மருமகள்களுக்குப் பிள்ளை பிறந்தபோது உடம்பு பிடித்து விட்டிருக்கிறார். பேரன் பேத்தி ஏழு பேரையும் காலில் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறார். எனக்குக் காய்ச்சல் என்றால் இன்றும் அவர் கைதான் நெற்றியில் இருக்கும்.

"ஒனக்கு யாரு அப்பாயி கால் புடிச்சு விடுவாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்கம்மா" என்றார்.

"எப்ப?"

"கல்யாணம் கட்டி இங்க வர்றதுக்கு முன்னாடி."

கணக்குப் போட்டேன். அறுபது வருடம்.

அன்றைக்கு நல்லெண்ணெயைக் கொஞ்சம் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "ஆம்பளப் புள்ள கால் புடிக்கிறதா, போடா அந்தாண்ட" என்று காலை இழுத்துக்கொண்டார். பிறகு, "சரி, முட்டிக்கு மட்டும்" என்றார். குதிகால் வெடிப்பு பித்தளைப் பாத்திரத்தின் விளிம்பு மாதிரி கையைக் கீறியது. ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் அவராகவே 1977 நவம்பர் புயலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கூரை பறந்தது, என் அப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்து மெத்தை வீட்டுக்கு ஓடியது... இத்தனை வருடத்தில் எங்களில் யாரிடமும் சொல்லாத கதை. பாதியிலேயே தூங்கிவிட்டார்.

மசாஜ் ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால், படித்ததையும் பார்த்ததையும் வைத்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடம் நாம் எதையும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. நம்மை ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று உடம்புக்குத் தெரிகிறது. அதைக் காசு கொடுத்து வாங்கினாலும் பலன் இருக்கும். ஆனால் நம் வீடுகளில் அது ஒருசிலருக்கு மட்டும் போய்ச் சேருகிறது, கொடுக்கிறவர்களுக்குத் திரும்பி வருவதில்லை.

செய்து பார்க்க

பரீட்சை நேரத்தில் ரூம்மேட்டுகள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடியது:

தோள்: அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பின்னால் நில்லுங்கள். கழுத்து முடிந்து தோள் தொடங்குகிற சதையைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, ஐந்து எண்ணி விடுங்கள். நடு எலும்பின் மேல் அழுத்த வேண்டாம்.

கை: மூன்று மணி நேரம் எழுதிய கைக்குக் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டை அழுத்தி விடுங்கள். பிறகு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெதுவாக நீவுங்கள். அவசரம் வேண்டாம், மாட்டுவண்டி வேகம் ஞாபகம் இருக்கட்டும்.

பாதம்: வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்துவிட்டு, எண்ணெய் தொட்டுக் குதிகாலிலிருந்து விரல் வரை. சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கலாம், சூடு தெரியாது. தண்ணீரை முதலில் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை:

கழுத்தைப் பிடித்துப் படக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் கழுத்து வழியாகத்தான் போகின்றன. அவை கிழிந்தால் பக்கவாதம் வரலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தொடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், டாக்டரிடம் போக வேண்டும். காய்ச்சல், எலும்பு முறிவு, புதுக்காயம் இருந்தாலும் வேண்டாம்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது மூக்கிலும் காதிலும் விடுகிற பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். நுரையீரலுக்குள் எண்ணெய் போனால் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் முன்னால், கேட்டுவிட்டுத் தொடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மசாஜ் செய்தால் அரியர் பேப்பர் பாஸாகாது. 2024ல் மேட்டூர் அணையை ஜூன் 12க்குப் பதில் ஜூலை 28 அன்று திறந்தார்களே, அந்த ஒன்றரை மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விவசாயியின் கவலை எண்ணெய் தேய்த்தால் போகாது. காரணம் அப்படியேதான் இருக்கும். அதைச் சமாளிக்க மறுநாள் எழுந்திருக்கிற உடம்புக்கு ஒரு ராத்திரி நல்ல தூக்கம் கிடைக்கும், அவ்வளவுதான். தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் நல்லெண்ணெயை நம்பி உட்கார்ந்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

புதன், சனி ஆண்களுக்கு, செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு என்று எண்ணெய்க் குளியலுக்குக் கிழமை பிரித்து வைத்திருந்தார்கள் நம் பெரியவர்கள். இப்போது பெரும்பாலான வீடுகளில் அது தீபாவளி அன்று மட்டும் என்றாகிவிட்டது. கிழமை எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தேய்த்து விட்டுவிட்டுத் தனக்குத் தானே தேய்த்துக்கொள்கிற ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். மறுநாள் இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் ஒரு டிகிரி காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கும்பகோணத்தில் அதுவும் ஒரு வைத்தியம்தான் :-)